கெண்டைக்கால்

எண்ணெயை நேராகக் காலில் ஊற்றக் கூடாது. முதலில் உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்துச் சூடு ஏற்றிக்கொண்டு, பிறகுதான் தொட வேண்டும். சில்லென்று பட்டால் படுத்திருப்பவர் திடுக்கிட்டுச் சதையை இறுக்கிக்கொள்வார். இறுகிய சதையோடு மல்லுக்கு நின்று பயனில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான்.

விளையாட்டு மைதானத்தில் பார்வையாளர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில் என் அறை. கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்கும், உயரமான ஆள் மறந்துபோய் நிமிர்ந்தால் தலையில் இடித்துக்கொள்வார். இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, துண்டு காயப்போட ஒரு கொடி, சுவரோரம் என் பாட்டில்கள். கடையில் எசன்ஷியல் ஆயில் என்று எழுதி விற்பதை நாங்கள் தைலம் என்போம். புதினா, இஞ்சி, லாவண்டர், ரோஸ்மேரி, கிராம்பு. எதையும் அப்படியே தோலில் போட மாட்டேன், பாதாம் எண்ணெயில் கலந்துதான். ஓடி முடித்து நெருப்பாக வருகிற காலுக்குப் புதினா. பயிற்சிக்கு மறுநாள் கல்லாய்க் கிடக்கும் தொடைக்கு இஞ்சி. தோற்றுவிட்டு வந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுப்பவர்களுக்கு லாவண்டர். கேள்வி கேட்காமல் போட்டுவிடுவேன்.

எல்லாரும் என்னை எண்ணெய் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்தவர், குண்டு எறிகிறவர், அவரும் அக்கா என்பார். கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டால் மனுஷருக்கு வயது குறைந்துவிடுகிறது.

என் தங்கையும் அந்த மைதானத்தில்தான் ஓடினாள். நண்டு என்று கூப்பிடுவோம். தவழாமலே எழுந்து நின்ற குழந்தை அவள். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே வீடு முழுக்கச் சுற்றி வருவாள், அதனால் வந்த பெயர். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா இறந்தபோது அவளுக்கு முகம் நினைவிருக்கும் வயதில்லை. அப்பா கொஞ்ச காலம் எங்களோடு இருந்தார், பிறகு வேறு ஒரு குடும்பத்தில் இருந்தார். அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, கையெழுத்துப் போட்டு, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு ஆள் இல்லை.

எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. கணவர் நல்ல மாதிரி. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து போய் நண்டு தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு வருவேன்.

"நீ என்னைக் கட்டிக்கிட்டியா, இல்ல உன் தங்கச்சியக் கட்டிக்கிட்டியா?" என்று ஒருநாள் கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துணிமணிகளை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவர் அலமாரித் தட்டு காலியானது நண்டின் ஷூக்களுக்கு வசதியாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஓட்டப் பந்தயத்தில் ஓடிவிட்டு வந்த அன்று இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டில் இருந்த எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட்டேன். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, அப்படியே தூங்கிவிட்டாள். என் கைக்குள் அந்தச் சதை இளகியதை நான் மறக்கவே இல்லை. அப்புறம்தான் இந்த வேலையை முறையாகப் படித்தேன், சான்றிதழ் வாங்கினேன், மைதானத்தில் சேர்ந்தேன். அவள் எவ்வளவு ஓடினாலும் கடைசியில் என் கட்டிலுக்குத்தான் வர வேண்டும். ஓடுவது அவள் வேலை, அவளைத் திரும்ப ஆளாக்குவது என் வேலை. எங்களுக்குள் அது ஒரு ஒழுங்காக இருந்தது.

பிறகு ஒருநாள் நண்டின் கோச் வீட்டுக்கு வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

அவர் நல்ல மனிதர். எப்போதும் கழுத்தில் விசில், அதை ஊதியே ஆளைக் கூப்பிடுவார். வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூட விசிலோடுதான் வருவார். அன்று ஊதாமல் வந்து வாசலில் நின்றார்.

"தகுதிப் போட்டியில மொத மூணுல வந்தா வெளிநாட்டுப் பயிற்சி முகாம். வருஷக்கணக்குல அங்கதான். உங்க தங்கச்சி வந்துருவா. எழுதி வெச்சுக்கோங்க."

நண்டு எனக்குப் பின்னால் நின்று குதித்தாள். குதித்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அங்க ஐஸ் தண்ணித் தொட்டி எல்லாம் இருக்காம். மசாஜுக்குன்னே தனி டீம். ஓடி முடிச்சதும் அவங்களே பாத்துப்பாங்களாம். நீ இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடு. எத்தன நாள்தான் என் காலப் புடிச்சிக்கிட்டே இருப்ப?"

அன்பாகத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "போடி, உன் கால் நாத்தத்த அவங்க எப்படித் தாங்குவாங்கன்னு நெனச்சேன்" என்றேன். மூவரும் சிரித்தோம். கோச்சுக்குக் காப்பி போட உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெறும் பாத்திரத்தை வைத்திருக்கிறேன். தீய்ந்த வாசனை வந்து நண்டு ஓடி வந்துதான் அணைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நடுக்கம் வந்தது. கையில் இல்லை, கை எப்போதும் போலத்தான் இருந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில். பேருந்தில் நிற்கும்போது, துண்டு பிழியும்போது, திடீரென்று அவள் இல்லாத வீடு கண்ணுக்கு முன் வரும். ஒரு தட்டு. ஒரு தலையணை. கொடியில் என் துணி மட்டும். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அவள் கேட்டால் வெங்காயம் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் வலி வந்தது. அவளுக்கு.

"முன்னங்கால்ல ஏதோ குத்துதுக்கா" என்றாள். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பில், ஒரு விரல்நுனி அகலத்துக்கு ஓரிடம். அங்கே கட்டைவிரல் பட்டதும் அவள் உடம்பு முழுக்கத் துள்ளியது. பக்கத்தில் தொட்டால் ஒன்றுமில்லை.

சதை வலி என்றால் பரவிக் கிடக்கும். எலும்பு வலி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் தெரியும். எலும்பில் மயிரிழை விரிசல். அதற்கு முந்தைய வருடம் தடை தாண்டி ஓடுகிற ஒரு பெண்ணுக்கு இதே இடத்தில் வந்தது. நான் எண்ணெய் பாட்டிலைத் திறக்கவே இல்லை. "எழுந்திரு, டாக்டர்கிட்ட போ, ஓடுறத நிறுத்து" என்று அனுப்பினேன். ஓய்வெடுத்தாள், சரியாயிற்று. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

நண்டிடம் "சதை புடிச்சிருக்கு" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நானும் அப்போது என்னையே கேட்டேன். டாக்டரிடம் அனுப்பியிருந்தால் ஓய்வெடுத்திருப்பாள், குணமாகியிருப்பாள், அடுத்த தகுதிப் போட்டியில் ஓடிப் போயே போயிருப்பாள். இந்தக் காலோடு ஓடினால் வேகம் குறையும், நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருவாள், கொஞ்சம் அழுவாள், வீட்டுக்கு வருவாள். தோற்றால் யாரும் செத்துப்போவதில்லை. அவ்வளவுதான் நான் நினைத்தது. எலும்பு ஒடியும் என்று நினைக்கவில்லை. ஒடியலாம் என்பது தெரியும். தெரிவதும் நினைப்பதும் வேறு வேறு.

ஆனால் அவள் அந்த வலியோடு இருந்தால் கோச் கண்டுபிடித்துவிடுவார். அதனால் தினமும் அந்த இடத்துக்குக் கிராம்பும் புதினாவும் கனமாகக் கலந்து போட்டேன். அது மரத்துப்போகும். மரத்துப்போன காலோடு அவள் சந்தோஷமாக ஓடினாள்.

"உன் கையில என்னமோ இருக்குக்கா. வலி இருந்த எடமே தெரியல."

கோச்சும் சொன்னார். "நீங்க இல்லன்னா இவ இல்ல."

இந்த வார்த்தைக்காக நான் எத்தனையோ வருடம் காத்திருந்தேன் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தகுதிப் போட்டியன்று நான் துண்டோடும் பாட்டிலோடும் ஓடுபாதை ஓரத்தில் நின்றேன். கடைசிச் சுற்றில் நண்டு இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். வேகம் குறையவே இல்லை. என் தைலம் நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்திருந்தது. வளைவில் திரும்பும்போது கால் அவளுக்குக் கீழே மடங்கியது. சத்தம் கேட்டதா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். எனக்குக் கேட்டது அவள் குரல்தான். "அக்கா" என்றாள். கோச்சைக் கூப்பிடவில்லை, டாக்டரைக் கூப்பிடவில்லை. நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மேலே கட்டும் போட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இது ஒரே நாள்ல ஒடிஞ்ச எலும்பு இல்லீங்க. முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. வலிச்சிருக்குமே, யாரும் கவனிக்கலையா?"

நண்டு படுக்கையிலிருந்தே பதில் சொன்னாள். "எனக்கு வலியே தெரியல டாக்டர். எங்க அக்கா பாத்துக்கிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "உனக்குத் தெரியாமப் போயிருக்குமாக்கா?"

"எண்ணெய் போடுறவளுக்கு எக்ஸ்ரே கண்ணா இருக்கு?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் விரல்களுக்கு அடியில் அவள் பிடரி இறுகியிருந்தது. அது இளகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த வாரங்கள் எனக்கு நல்ல வாரங்கள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டேன். குளிக்க, நடக்க, தண்ணீர் குடிக்க எல்லாவற்றுக்கும் "அக்கா" என்றாள். சோறு ஊட்டினால் சாப்பிட்டாள். கட்டுப் போடாத காலுக்கும் பாதத்துக்கும் தினமும் லாவண்டர் போட்டேன். வீடே அந்த வாசனையாக இருந்தது. அவள் பாதி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சில சமயம் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்துவாள், சத்தம் வெளியே வராதபடி. அப்போதெல்லாம் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கும். அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுவாள். இப்படியே பழகிவிடும் என்று நம்பினேன்.

கோச் மறுபடி வந்தார். இந்தத் தடவை தெருமுனையிலிருந்தே விசில் கேட்டது.

"முகாம்ல பேசிட்டேன்! ஓடின வேகத்தப் பாத்துட்டு எடத்த அப்படியே வெச்சிருக்காங்க. கட்டுப் பிரிச்சதும் அனுப்பிடுங்க. அங்கேயே நடக்க வெப்பாங்க, அங்கேயே ஓட வெப்பாங்க."

ஒடிந்த நாளிலிருந்து முதல் தடவையாக நண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவர் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தரச் சொன்னாள். இழுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு தூசி துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள், "இந்தத் தடவ எது வலிச்சாலும் மொதல்ல ஸ்கேன்தான்க்கா. தப்பா நெனச்சுக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. அவள் சொன்னது சரிதான்.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். ஒல்லியானவர், முன்பல் கொஞ்சம் தூக்கியிருக்கும். பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் இந்த வேலை செய்கிறவள் என்று நண்டு சொல்லிவிட்டதால் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அக்கா, நீங்களே தொழில்ல இருக்கீங்க, ஆனாலும் சொல்லணும். ரொம்ப நாள் அசைக்காத கால். கெண்டைக்கால் வீங்கி, சூடா, செவந்து வலிச்சா, தொடவே தொடாதீங்க. எண்ணெய் வேணாம், நீவி விட வேணாம். உள்ள ரத்தம் கட்டியிருக்கும். அழுத்தினா அந்தக் கட்டி நகர்ந்து நேரா நுரையீரலுக்குப் போயிடும். உடனே தூக்கிட்டு வந்துருங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றேன்.

எழுந்து வரும்போது வாசல் வரை வந்து மறுபடியும் சொன்னார். "மறந்துறாதீங்க, தொடக் கூடாது."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் படித்தபோது முதல் வகுப்பிலேயே சொன்னது அது. இருந்தாலும் சொன்னார், தெளிவாகச் சொன்னார். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். நான் இன்று இங்கே வந்ததே இதற்காகத்தான்.

கிளம்பும் நாள் நெருங்கியிருந்தது. பெட்டி கூடத்தில் திறந்தபடியே கிடந்தது. அவள் நொண்டி நொண்டி வந்து ஏதாவது ஒன்றை உள்ளே வைப்பாள். நான் அவள் பார்க்காதபோது ஏதாவது ஒன்றை எடுத்து அலமாரியில் வைப்பேன். அவள் மறுபடி தேடி எடுத்து வைப்பாள். "எனக்கு மறதி வந்துருச்சுக்கா" என்று தலையில் தட்டிக்கொள்வாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கெண்டைக்கால் இழுக்குது. வீங்கின மாதிரி இருக்கு. அந்த நர்ஸ் சொன்னாங்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். வீங்கித்தான் இருந்தது. மற்றக் காலைவிடப் பருமனாக, தோல் மினுமினுவென்று. புறங்கையை வைத்தேன். சூடு. லேசாகச் சிவந்திருந்தது. நர்ஸ் சொன்னது ஒவ்வொன்றும் அங்கே இருந்தது.

போனைக் கையில் எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவைக் கூப்பிட்டால் உடனே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், ஊசி போடுவார்கள், கட்டி கரைந்துவிடும். கிளம்புவது கொஞ்சம் தள்ளிப்போகும். தள்ளித்தான் போகும், நிற்காது. கோச் இடத்தை மறுபடி பிடித்து வைப்பார். நண்டு மறுபடி பெட்டியைத் துடைப்பாள். நான் மறுபடி அந்த நடுக்கத்தோடு இருக்க வேண்டும். எலும்பு ஒடிந்தும் போகிறேன் என்கிற பெண்ணை இனி எதைச் சொல்லி நிறுத்த முடியும்? இதெல்லாம் நினைக்க அதிக நேரம் ஆகவில்லை.

போனைக் கீழே வைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மூணு நாள் படுக்கப் போட்டுருவாங்க. நடக்க ஆரம்பிச்சதால வந்த புடிப்பு இது. மொதல்ல எண்ணெய் போட்டுப் பாப்போம். எறங்கலைன்னா போலாம்."

"தொடக் கூடாதுன்னாங்களேக்கா."

"நான் தொடாம யார் தொடுவா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாவாடையை முழங்கால் வரை ஏற்றிவிட்டுக்கொண்டு கவிழ்ந்து படுத்தாள். அவள் அப்படிப் படுத்திருக்காவிட்டால் நான் செய்திருக்க மாட்டேன் என்று சில சமயம் தோன்றுகிறது. ஆனால் அவள் படுத்தாள்.

எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். லாவண்டர்தான். கணுக்காலிலிருந்து தொடங்கி, மேல்நோக்கி, மெதுவாக. முதலில் மேலோட்டமாக. பிறகு கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஆழமாக. சதைக்குள் ஒரு இடம் கயிறுபோலத் தடித்திருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். அதன்மேல் போனேன். திரும்பக் கீழே வந்து மறுபடியும் போனேன்.

"வலிக்குதுக்கா" என்றாள். சின்ன வயதிலிருந்து என் கட்டிலில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எவ்வளவு அழுத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

"இதோ முடிஞ்சிரும்."

"போதும்க்கா. போதும்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு."

பொறுத்துக்கொண்டாள். நான் முடித்தேன். துண்டால் எண்ணெயை ஒற்றி எடுத்தேன். எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டும் என்று கையை நீட்டினாள். நான் டம்ளரை எடுப்பதற்குள் இருமினாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், அது உள்ளே போகவில்லை. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். "அக்கா" என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன்.

ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். நீங்கள் விசாரித்திருப்பீர்கள், கூப்பிட்டது நான்தான். ஆனால் உடனே கூப்பிடவில்லை. கையெல்லாம் எண்ணெயாக இருந்தது, போன் வழுக்கும். அவளைத் தலையணையில் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம். துடைத்தேன். பிறகு வந்து கூப்பிட்டேன். அவர்கள் வரும்போது அவள் என் மடியில் இருந்தாள். அவ்வளவு கனமாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

நுரையீரலில் ரத்தக்கட்டி என்று டாக்டர் சொன்னார். எதனால் என்று என்னை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என் தோளைத்தான் தொட்டார்கள். கோச் சவத்தின் காலடியில் உட்கார்ந்து விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டுக் குழந்தைபோல அழுதார். அவர்தான் ஆஸ்பத்திரிமேல் புகார் கொடுத்தார். கட்டுப் பிரித்து அனுப்பும்போது எச்சரிக்கவே இல்லை என்று எழுதினார். என்னிடம் "சொன்னாங்களாம்மா?" என்று கேட்டார். நான் அழுதேன். அதை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உங்களுக்கு வந்திருக்கும் வழக்கு அதுதான்.

நேற்று அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது.

"அக்கா, நான் சொன்னேன்ல? உங்ககிட்ட சொன்னேன்ல? எல்லாரும் கேட்டுக் கேட்டு, சொன்னேனா இல்லையான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. தூங்க முடியல. கண்ண மூடினா உங்க தங்கச்சி முகம் வருது. என்னாலதான் போச்சா? சொல்லுங்கக்கா, என்னாலதானா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தெரியலையேம்மா" என்றேன். அவர் தலையாட்டினார். திரும்பிப் போகும்போது படியில் தடுக்கி, சமாளித்துக்கொண்டு நடந்தார்.

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். பாவம் என்று தோன்றியது. உண்மையில் தோன்றியது. ஆனால் அதைவிட வேறு ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பெண் யார்? கட்டுப் பிரித்த அன்று கொஞ்ச நேரம் பேசியவர். என் தங்கையின் காலை ஒரு தடவைகூட ஒழுங்காகத் தொட்டுப் பார்க்காதவர். அவர் போய் "என்னாலதான் போச்சா" என்று கேட்கிறார். நண்டைப் பற்றிய எது ஒன்றும் எப்படி இன்னொருத்தியால் ஆகும்? ஓடியது என்னால். ஓடாமல் போனதும் என்னால். அதனால்தான் காலையில் எழுந்து குளித்துவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸ் சொன்னார், நான் கேட்டேன். கட்டி இருப்பது தெரிந்துதான் அழுத்தினேன். அழுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போதும் என்று அவள் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. இதைக் கொலை என்றுதான் எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்தப் பெண்ணை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் நான் அவளுக்குக் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த டாக்டரும் சரி, நீங்களும் சரி, அவள் காலை நான் பார்த்தமாதிரி பார்க்கவில்லை. நான் கையை எடுத்தபோது அந்தக் கெண்டைக்காலில் ஒரு முடிச்சு இல்லை, ஒரு இறுக்கம் இல்லை. பூப்போல இளகியிருந்தது. மறுநாளே எழுந்து ஓடியிருப்பாள்.